மாடிப்படியில் ஒரு மீன் கூட்டம்: 16 ஸ்பூன், ஒரு சைக்கிள் ரிம்

நிறுவல் கலை (ஓர் இடத்தில் பொருட்களை அமைத்து, அந்த இடத்தையே கலையாக்குவது) என்றதும் பெரிய காட்சிக்கூடமும் வெள்ளைச் சுவரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வீட்டு மாடிப்படி போதும். 16 டீ ஸ்பூன், ஒரு பழைய சைக்கிள் ரிம், கொஞ்சம் தங்கூசி நரம்பு (தூண்டிலில் கட்டும் நைலான் இழை), ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்றுக்குத் திரும்பித் திரும்பி நீந்தும் மீன் கூட்டம் தயார்.

1. முதலில் இடம்

பொருள் தேடிக் கடைக்குப் போகாதீர்கள். இந்தக் கலையில் பாதி வேலையை இடம்தான் செய்கிறது. 1942-ல் நியூயார்க்கில் சர்ரியலிச (கனவு போன்ற காட்சிகளைக் காட்டும் கலைப்பாணி) கண்காட்சி ஒன்று நடந்தபோது, பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் சாதாரண நூலை எடுத்துக் கூடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். ஓவியங்களை நூலின் சந்து வழியாகத்தான் எட்டிப் பார்க்க முடிந்தது. போதாததற்கு, திறப்பு நாளில் சிறுவர்களை வரவழைத்து அங்கேயே பந்து விளையாடச் சொன்னார்! அதே நூல் கடையில் உருண்டையாகக் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை படியில் போய் உட்காருங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். படி திரும்பும் இடத்தில் கூரையில் ஃபேன் கொக்கி இருந்தால் அதிர்ஷ்டம்தான். அடுக்குமாடி வீடென்றால் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடக்கிற வழியை எதுவும் மறைக்கக் கூடாது.

2. ஒரே பொருள், நிறைய

நான் முதல் முறை ஸ்பூன், டம்ளர், பொம்மை என்று எல்லாவற்றையும் கலந்து கட்டினேன். எதிலும் கண் நிற்கவில்லை. இந்தியச் சிற்பக் கலைஞர் சுபோத் குப்தாவின் வேலைகளைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. நம் அடுக்களை எவர்சில்வர் பாத்திரங்களையே குவித்து 2006-ல் ராட்சத மண்டையோடு ஒன்றைச் செய்தவர் அவர். ஒரே மாதிரிப் பொருள் பலமடங்கு சேரும்போது அது பாத்திரம் என்பதே மறந்து போகிறது. ஸ்பூனும் ஒரே அளவில் இருக்கட்டும்.

3. ரிம்

பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். ஸ்போக்ஸ் கம்பியைக் கழற்றிவிட்டால் துளைகள் தயாராக இருக்கும். 32 துளை உள்ள ரிம் வசதி. எட்டுத் துளைக்கு ஒன்றாக நான்கு நைலான் கயிறு கட்டி, மேலே ஒரு சாவி வளையத்தில் சேர்த்தால் சாயாமல் நிற்கும்.

4. ஸ்பூன் கட்டுவது

பொறுமை வேண்டிய இடம் இது. ஸ்பூனை ஒரு விரல்மேல் கிடத்தி, எங்கே விழாமல் நிற்கிறதோ அங்கே மார்க்கரால் குறியிடுங்கள். அங்கே கட்டினால்தான் ஸ்பூன் மீன் மாதிரிப் படுக்கையாக மிதக்கும்; கொஞ்சம் தள்ளினாலும் தலைகுப்புறத் தொங்கும். தங்கூசி வழுக்கும். இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி, மேலே ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது, அதனால் முதலில் நன்றாகக் கழுவித் துடையுங்கள்.

முதல் நரம்பு 20 செ.மீ. தொங்கட்டும். அடுத்தடுத்து 4 செ.மீ. கூட்டிக்கொண்டே போனால் பதினாறாவது 80 செ.மீ. வரும், கூட்டம் சுழன்று இறங்குவது போலத் தெரியும். ஒரு துளை விட்டு ஒரு துளையில்தான் கட்ட வேண்டும். எல்லாத் துளையிலும் கட்டினால் ஸ்பூன் திரும்பும்போது பக்கத்து நரம்பில் மாட்டி, மறுநாளே எல்லாம் சிக்காகிவிடும். பழகியதும் ஒவ்வொரு நரம்பின் பாதி நீளத்திலும் இன்னொரு ஸ்பூனைக் கட்டி 32 ஆக்கிக்கொள்ளலாம்.

5. தொங்கவிடுவது

ஸ்டூலில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கடைசி ஸ்பூன் தரையிலிருந்து ஆறரை அடிக்குக் கீழே வரக் கூடாது, கண்ணில் குத்திவிடும். கூரை தாழ்வாக இருந்தால் நரம்பு நீளத்தைக் குறையுங்கள்.

அப்புறம், ரிம்மின் ஓரத்திலிருந்து மெல்லிய கயிறு ஒன்றைச் சுவர் ஆணி வழியாகக் கீழே இறக்கி, நுனியில் ஒரு மரப் பம்பரத்தைக் கட்டுங்கள், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாராவது இழுத்து ஆட்டினால்தான் இது விளையாட்டு.

வெயில் படியில் இறங்கும் நேரம் பார்த்து விளக்கை அணைத்துவிட்டுப் பம்பரத்தை மெல்ல இழுத்து விடுங்கள். சுவரில் இன்னொரு மீன் கூட்டம் ஓடும்.