உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயை எஃப்.என்.ஏ.சி. ஸ்லைடில் கண்டறியும் முறை

எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்துப் பரிசோதிக்கும் முறை. அவ்வாறு தயாரித்த உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியின் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் உட்கருவை ஆராயத் தொடங்காமல், குறைந்த உருப்பெருக்கத்தில் செல்களுக்கு இடையே கிடக்கும் இடைப்பொருளை முதலில் பார்க்க வேண்டும். ஏனெனில் இச்சுரப்பிகளில் எழும் புற்றுநோய்கள் பலவற்றில் உட்கரு சாதுவாகவே தோன்றும்.

இதற்கு மாதிரி சரியாக அமைய வேண்டும். 23 முதல் 25 கேஜ் வரையிலான ஊசியால் எடுத்துக் கண்ணாடியில் பூசிய ஸ்மியர்களில் சிலவற்றைக் காற்றில் உலர்த்தி ஜீம்சா சாயத்திலும், மற்றவற்றை உடனடியாக 95% ஆல்கஹாலில் இட்டுப் பாப் சாயத்திலும் நிறமேற்ற வேண்டும். இடைப்பொருளை ஜீம்சாவும் உட்கருவின் நுணுக்கத்தைப் பாப் சாயமும் காட்டுவதால், ஒன்றை மட்டும் நம்புவது ஆபத்து.

ஜீம்சாவில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) நிறத்தில் தெரியும் இடைப்பொருள் நார்நாராகப் பிரிந்து, அதன் ஓரங்கள் செல்களோடு கரைந்து கலந்திருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்ற பிளியோமார்ஃபிக் அடினோமா. அதே நிறப் பொருள் நாரின்றி வழவழப்பான உருண்டைகளாகி, விளிம்பு கூர்மையாக வெட்டினாற்போல் நிற்க, குறைந்த சைட்டோபிளாசமும் கருமையான உட்கருவும் கொண்ட சிறு செல்கள் அதைச் சூழ்ந்திருந்தால் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்னும் புற்றுநோயைக் கருத வேண்டும். ஆயினும் பிளியோமார்ஃபிக் அடினோமாவிலும் ஆங்காங்கே இத்தகைய உருண்டைகள் தென்படுவதுண்டு. ஆகவே ஒரே ஒரு பகுதியைக் கண்டு தீர்ப்பெழுதக் கூடாது. திடமான வகை அடினாய்டு சிஸ்டிக்கில் உருண்டைகளே அரிது என்பதையும் மறக்கலாகாது.

அதிகம் ஏமாற்றுவது குறைந்த தரத்து, அதாவது வீரியம் குறைந்த, மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்னும் புற்றுநோய்தான். ஊசியில் நீர் வந்து கட்டி சுருங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணாமல், எஞ்சிய திடப்பகுதியில் மீண்டும் ஊசி செலுத்த வேண்டும். சளி சுரக்கும் செல்கள், இடைநிலைச் செல்கள், செதிள்தன்மை கொண்ட செல்கள் ஆகியவை சேர்ந்து கிடைத்தால் உறுதி கூடும். சளி மட்டுமே கிடைத்தால் அதைத் 'தீங்கற்ற நீர்க்கட்டி' என்று எழுதாமல், உமிழ்நீர்ச் சுரப்பி ஊசிப் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் மிலான் முறையின் மூன்றாம் வகையான தெளிவற்ற பிறழ்வில் வைப்பதே நேர்மை.

உட்கரு வெளிப்படையாகவே சீர்குலைந்து, செல்மடிவும் தெரியும் உயர்தரப் புற்றுநோயில் தயக்கம் குறைவு. ஆனால் காதருகே உள்ள பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது தலைத்தோல் புற்றுநோயின் பரவலாகவும் இருக்கக்கூடும் என்பதால், நோயாளியின் முந்தைய சிகிச்சைகளைக் கேட்டறிய வேண்டும்.

மிலான் முறையின் ஆறாம் வகை, அதாவது புற்றுநோய், என்று அறிக்கை எழுதும்போது கட்டியின் பெயரைவிடத் தரத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் அகற்ற வேண்டுமா என்று அறுவை மருத்துவர் தீர்மானிக்க அது பெரிதும் உதவும். தரத்தைக் கணிக்க இயலாவிட்டால் அதையும் அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.