டாக்டரிடம் நீங்களே பேசுங்கள்

சிங்கப்பூரில் பதினொரு ஆண்டுகள் சாரம் கட்டினேன். 2012-இல் ஒரு நாள் மேலிருந்து இறக்கிய இரும்புக் குழாய் நழுவி என் இடது கை மோதிர விரலை நசுக்கியது. கிளினிக்குக்கு சூப்பர்வைசரும் கூடவே வந்தார். டாக்டர் கேட்பதற்கு முன்பே, “ரூமில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டான்” என்று சொல்லிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. வேலை செய்வதற்கான அனுமதியான பெர்மிட்டை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை. இரண்டு நாள் எம்.சி. (டாக்டர் சான்று தரும் மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள், பிறகு ‘லைட் டியூட்டி’, அதாவது இலகுவான வேலை. மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தால்தான் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்காது. அதற்காக ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) எனக்குக் கிடைக்கவில்லை.

திருச்சியில் விமானம் ஏறப்போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

அடிபட்டால் உடனே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். எனவே அன்றே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்: நேரம், எந்தத் தளம், என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், யார் பார்த்தார்கள், காயத்தின் படம். கிளினிக்கில் யார் கூட வந்தாலும் டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். ஆங்கிலம் வராவிட்டாலும் ‘ஒர்க் ஆக்சிடென்ட்’ என்ற இரண்டு சொற்கள் போதும். டாக்டர் முதல் நாள் எழுதிவைக்கும் குறிப்புதான் பின்னால் உங்களுக்குப் பெரிய சாட்சி. எம்.சி. தாளைக் கம்பெனியிடம் கொடுப்பதற்கு முன் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

விதி இப்போது மாறிவிட்டது. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் அடிபட்டு ஒரே ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், வெறும் லைட் டியூட்டி கொடுத்தாலும், முதலாளி தமக்குத் தெரியவந்த 10 நாட்களுக்குள் அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே தெரிவிக்கலாம். இழப்பீடு கோர, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. “கவனமில்லாமல் நின்றது நீதானே” என்பார்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், முதலாளி மீது தவறு இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. குடித்திருந்தாலோ அடிதடியில் இறங்கியிருந்தாலோ கதை வேறு.

எம்.சி. நாட்களுக்குச் சம்பளம் உண்டு. வெளிநோயாளிக்கு 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்குப் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. இதை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. ஓவர்டைமும் சேர்ந்த சராசரிதான் கணக்கு. நம் ஆட்கள் மிகுதியும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே மாதாமாதம் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் பக்கத்துக் கடமையையும் சொல்லியாக வேண்டும். உயரத்திலிருந்து விழாமல் காக்கும் ஹார்னஸ் வாரைப் போட்டுக்கொண்டு கொக்கியை மாட்டாமல் நிற்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதட்டியும் இருக்கிறேன். சாமான் ஏற்றுவதற்காகத் தடுப்புக் கம்பியைக் கழற்றினால் உடனே திரும்ப மாட்டுங்கள். அடுத்து அந்த வழியாக வருபவனுக்கு அது கழன்றிருப்பது தெரியாது. கொடுத்த சாதனத்தைப் பயன்படுத்தாத தொழிலாளியையும் சட்டம் தண்டிக்கும். விழுந்தால் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில், வேலை தொடங்குமுன் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சூப்பர்வைசராக உயர்ந்தவர்களும் சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுப்பவர்களும் கவனியுங்கள். காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’கில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு கலைப்பது அநியாயம். அன்று எந்த இடத்தில் என்ன ஆபத்து என்பதைக் கேட்பவனுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். ஹெல்மெட், ஹார்னஸ், பூட்ஸ் எதற்கும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வெயிலையும் ஆபத்தாகவே எண்ணுங்கள். காற்றின் ஈரம், வெயில், காற்றோட்டம் எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். புதிதாக வந்தவனுக்கு முதல் வாரம் வேலையைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

என்னைக் கட்டிப்போட்ட அந்தப் பயத்துக்கு வருகிறேன். பெர்மிட் ரத்தானாலும் இழப்பீட்டுக் கோரிக்கை ரத்தாகாது. வழக்கு முடியும்வரை தங்குவதற்கு அமைச்சு சிறப்பு அனுமதி தருவதுண்டு. அந்த நாட்களில் வேலையும் இல்லாமல் வருமானமும் இல்லாமல் நிற்பவர்களுக்கு, லிட்டில் இந்தியாவில் ‘கஃப் ரோடு திட்டம்’ என்ற பெயரில் ஒரு தொண்டு அமைப்பு பல ஆண்டுகளாக இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692. விமானம் ஏறும் முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். மனைவியின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.