வாடகை வீடு பார்க்கும்போதே கல்யாண ஆல்பத்துக்கும் இடம் பாருங்கள்

புதுசாகக் குடித்தனம் போகிறவர்கள் தண்ணீர், அட்வான்ஸ், பார்க்கிங் எல்லாம் விசாரிப்பார்கள். சுவர் ஓதத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். போட்டோ முதலில் கெடுவது அதனால்தான்.

பாத்ரூமை ஒட்டிய சுவரில் அலமாரி இருந்தால் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் அங்கே துணிகூட வைக்க வேண்டாம். தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரம்வரை பெயிண்ட் பொரிந்து உப்பு பூத்திருந்தால் அது ஓதம். அந்த உயரத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணும் ஆகாது, வெயில் காலத்தில் அனல். வீட்டின் நடுச்சுவரில், வெளிச்சுவரைத் தொடாத அலமாரியின் நடுத்தட்டுதான் நல்லது.

ஆல்பத்தைப் பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். மூடி உள்ள டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம்.

பிரேம் போட்ட படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை மவுன்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை விளிம்பு, இருக்கட்டும். போட்டோவின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியில் ஒட்டும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

போனில் உள்ள படங்களுக்கு ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, அம்மா வீட்டில் இன்னொன்று. பென் டிரைவை நம்பிப் பல வருடம் போட்டு வைக்காதீர்கள்.