அண்டோராவுக்கு ஷாப்பிங் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்சிலோனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலர் பயணத் திட்டத்தில் ஒரு நாளை அண்டோராவுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே பிரனீஸ் மலை மடிப்புக்குள் 468 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் நாடு அது. கடைகள் நிறைந்த நாடு, எல்லாம் மலிவு என்று கேள்விப்பட்டிருப்பார்கள். காலையில் பஸ் ஏறி, மதியம் கடை கடையாக ஏறி இறங்கி, கையில் கிடைத்த பர்கரைச் சாப்பிட்டு, இரவில் திரும்பிவிடுவார்கள். பணமும் பெரிதாக மிச்சமாகாது, ஊரையும் பார்த்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்து போனால் அதே அண்டோரா மிக நல்ல அனுபவமாக இருக்கும்.

முதலில், விசா. இதில் தவறினால் மற்ற எதைப் பற்றியும் பேசிப் பயனில்லை. அண்டோரா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதியிலும் இல்லை. சுற்றுலாப் பயணிக்கு அந்த நாடு தனியாக விசா கேட்பதில்லை. அதைக் கேட்டதும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் அண்டோராவுக்குள் விமான நிலையமும் இல்லை, ரயிலும் இல்லை. ஸ்பெயின் அல்லது பிரான்ஸ் வழியாகச் சாலையில்தான் உள்ளே போக முடியும், அதே வழியில்தான் வெளியே வரவும் முடியும். எல்லையைத் தாண்டியதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா ஒட்டியில் நுழைவுகளின் எண்ணிக்கை எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். 01 என்று இருந்தால் அண்டோராவுக்குப் போகாதீர்கள். 02 அல்லது பலமுறை நுழைவு என்று இருந்தால்தான் போகலாம். 'எல்லையில் யாருமே பாஸ்போர்ட் கேட்கவில்லை' என்று போய்வந்த நண்பர் சொல்லலாம். உங்கள் பஸ்ஸில் அன்றைக்கு ஏறிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அண்டோராவையும் பயணத் திட்டத்தில் காட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு கேட்பதுதான் சரியான வழி.

'வரியே இல்லாத நாடு' என்ற நம்பிக்கை

இது பழைய கதை. 2013 முதல் அண்டோராவில் ஐ.ஜி.ஐ. என்ற பொது மறைமுக வரி இருக்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு அது 4.5 சதவீதம். ஸ்பெயினில் மதிப்புக் கூட்டு வரி 21 சதவீதம், பிரான்சில் 20. ஆக வித்தியாசம் உண்மைதான். ஆனால் எவ்வளவு? வரிக்கு முன் 100 யூரோ விலையுள்ள ஒரு சட்டை ஸ்பெயினில் 121 யூரோ, அண்டோராவில் 104.50 யூரோ. அதாவது பதின்மூன்று, பதினான்கு சதவீதம்தான் குறைவு. அதுவும் கடைக்காரர் இரண்டு இடத்திலும் ஒரே அடிப்படை விலை வைத்தால்தான். மலை மேல் கொண்டுவரும் செலவு, கடை வாடகை எல்லாம் சேர்ந்து அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடுவதும் உண்டு.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் கவனிக்க மறக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் ஸ்பெயினில் வாங்கிய பொருளை ஊருக்கு எடுத்துப் போகும்போது அந்த 21 சதவீத வரியைத் திரும்பக் கேட்கலாம். 2018 முதல் ஸ்பெயினில் இதற்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கி, விமான நிலையத்தில் டிவா என்ற இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். இடையில் இருக்கும் நிறுவனம் கமிஷன் பிடித்துக்கொள்ளும் என்பதால் முழுத் தொகையும் கைக்கு வராது. அப்படியும், உடை, காலணி, கைப்பை போன்றவற்றை பார்சிலோனாவிலேயே வாங்கினால் கிட்டத்தட்ட அண்டோரா விலைக்கே வந்துவிடும். மூன்று மணி நேரம் மலையேறத் தேவையில்லை. அண்டோராவில் வாங்கிய பொருளுக்கு ஸ்பெயின் விமான நிலையத்தில் எதையும் திரும்பத் தர மாட்டார்கள். அது அவர்கள் வசூலித்த வரியே இல்லை.

பாரிஸ், துலூஸ் போன்ற ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது. அதனால் அண்டோரா விலை அவர்களுக்கு உண்மையிலேயே லாபம்.

சரி, எது யாருக்கும் மலிவு? அக்கம்பக்க நாடுகள் தனியாகத் தீர்வை போட்டு விலையை ஏற்றி வைத்திருக்கும் பொருள்கள்: மது, புகையிலை, பெட்ரோல், டீசல். வாசனைத் திரவியத்திலும் நல்ல விலை கிடைக்கும். வாடகைக் காரில் போனால் வரும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம். பனிச்சறுக்குச் சாமான்களும் மலையேறும் காலணிகளும் விலையைவிட வகைக்காகவே வாங்கத் தகுந்தவை. மலைவாழ் ஊர் என்பதால் கடைக்காரர்களுக்கு அந்தப் பொருளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. மின்னணுப் பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். மடிக்கணினியின் விசைப்பலகை ஸ்பானிய அமைப்பிலோ பிரெஞ்சு அமைப்பிலோ இருக்கும். பிரெஞ்சு அமைப்பில் எழுத்துகளே இடம் மாறியிருக்கும். இரண்டாவது, உத்தரவாதம் உங்கள் நாட்டில் செல்லுமா என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் சட்டம் அண்டோராவில் வாங்கியதற்குத் தானாகப் பொருந்தாது. கடையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் இருக்கும் சுங்கம்

உள்ளே போகும்போது யாரும் எட்டிப் பார்க்காத எல்லை, வெளியே வரும்போது வேறு மாதிரி இருக்கும். ஸ்பெயின் பக்கம் லா ஃபார்கா தெ மோலெஸ் சுங்கச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பையைத் திறக்கச் சொல்வது சாதாரணம். பிரான்ஸ் பக்கம் எல்லையைத் தாண்டிச் சற்றுத் தள்ளிக்கூடச் சோதிப்பார்கள். வரம்புகள் இவை: தொழிற்சாலைப் பொருள்கள் ஆளுக்கு 900 யூரோ வரை, 15 வயதுக்குக் கீழ் இருந்தால் 450. உணவு, விளைபொருள்கள் பெரியவர்களுக்கு 300 யூரோ வரை. சிகரெட் 300. கடும் மது என்றால் ஒன்றரை லிட்டர். மதுவும் புகையிலையும் வயது வந்தவர் கணக்கில் மட்டும்தான்.

இதில் பலர் வழுக்கும் இடம் விலை உயர்ந்த ஒற்றைப் பொருள். 1,100 யூரோவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினீர்கள் என்று வையுங்கள். மேலே இருக்கும் 200 யூரோவுக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று நினைப்போம். அப்படியில்லை, முழு 1,100க்கும் கட்ட வேண்டும். 'என் பங்கு பாதி, மனைவி பங்கு பாதி' என்று ஒரே பொருளை இரண்டு பேர் கணக்கில் பிரிக்கவும் முடியாது. வரம்பைத் தாண்டினால் நீங்களே முன்வந்து சொல்லி வரியைக் கட்டிவிடுவதுதான் நல்லது. சொல்லாமல் பிடிபட்டால் அபராதம், பொருளும் போகலாம். இந்த மலைகளில் புகையிலைக் கடத்தலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனால் சிகரெட் விஷயத்தில் அதிகாரிகள் விட்டுக்கொடுப்பதில்லை. பில்களைக் கசக்கிப் போடாமல் ஒரே உறையில் வையுங்கள்.

ஒரே நாளில் போய் வருவது

பார்சிலோனாவிலிருந்தோ துலூஸிலிருந்தோ பஸ்ஸில் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக, வர என்று ஏழு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். மீதி இருப்பதில் கடையும் சாப்பாடும் அரைகுறையாகவே முடியும். ஒரு இரவாவது தங்குங்கள் என்பேன், முடிந்தால் இரண்டு. ஞாயிறு மாலையிலும் நீண்ட விடுமுறையின் கடைசி நாளிலும் ஸ்பெயினுக்குத் திரும்பும் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். ஈஸ்டர், ஆகஸ்ட், டிசம்பர் முதல் வாரம் மூன்றும் அப்படிப்பட்ட காலங்கள். அன்றிரவே விமானம் வைத்துக்கொண்டு இந்தச் சாலையை நம்பக் கூடாது.

குளிர்காலத்தில் பிரான்ஸ் பக்கமிருந்து கார் ஓட்டி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழியில் இருக்கும் என்வாலிரா கணவாய் 2,408 மீட்டர் உயரம். பனிக்கால டயர் அல்லது சங்கிலி இல்லாமல் ஏறாதீர்கள். கட்டணம் கட்டிச் சுரங்கப் பாதையில் போனால் உச்சியைத் தவிர்க்கலாம், ஆனால் சுரங்கத்தின் இருபுறமும் பனி இருக்கத்தான் செய்யும்.

போகும் நாளையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பெரிய கடைகள் திறந்திருக்கும் நாடு இது. ஆனால் ஜனவரி 1, மார்ச் 14, செப்டம்பர் 8, டிசம்பர் 25 ஆகிய நான்கு நாள்கள் கடைகள் மூடியிருக்கும். மார்ச் 14 அரசியலமைப்பு நாள், செப்டம்பர் 8 நாட்டின் காவல் அன்னையான மெரிட்செல் மாதாவின் திருநாள். வெளிநாட்டவருக்குத் தெரியாமல் போவது இந்த இரண்டும்தான். சிறிய கடைகள் மதியம் சில மணி நேரம் மூடிவிடும்.

கடைவீதி என்றால் தலைநகர் அண்டோரா லா வெல்லாவின் மெரிட்செல் சாலையும், அது நீண்டு போய்ச் சேரும் எஸ்கால்டஸ் பகுதியின் கார்லமாணி சாலையும்தான். நடந்தே பார்த்துவிடலாம். பிரெஞ்சு எல்லையில் பாஸ் தெ லா காசா என்ற ஊர் இருக்கிறது. மதுவும் புகையிலையும் வாங்க பிரெஞ்சுக்காரர்கள் குவியும் இடம். அதை மட்டும் பார்த்துவிட்டு அண்டோராவைப் பார்த்தேன் என்று யாரும் திரும்ப வேண்டாம். தலைநகரின் கடைவீதியிலிருந்து சில நிமிட நடையில் 1580இல் கட்டிய காசா தெ லா வால் என்ற கல்வீடு இருக்கிறது. இந்த நாட்டின் பாராளுமன்றம் நூற்றாண்டுகளாக அங்கேதான் கூடியது. அத்தனை சிறிய வீட்டில் ஒரு தேசத்தை நடத்தியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபின் இந்த ஊர்மேல் தனி மரியாதை வந்துவிடும்.

கைப்பேசியை மறந்துவிடாதீர்கள். ஸ்பெயினிலோ பிரான்சிலோ வாங்கிய சிம் ஐரோப்பா முழுக்க வேலை செய்யும் என்று நம்பி எல்லை தாண்டினால் பில் எகிறும். ஒன்றியத்தின் ரோமிங் விதி அண்டோராவுக்குப் பொருந்தாது. உங்கள் திட்டத்தில் அண்டோராவின் பெயர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிட்டு, விடுதி வைஃபையை வைத்துச் சமாளியுங்கள். பணம் யூரோதான். கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள்.

சாப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளுவது

என்னைப் பொறுத்தவரை அண்டோராவில் செய்யும் பெரிய தவறு இதுதான். எங்கும் கிடைக்கும் பர்கரை மெரிட்செல் சாலையில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த நாட்டின் ருசி போர்டாக்களில் இருக்கிறது. போர்டா என்பது ஆதியில் மலைச்சரிவில் மாடு கட்டவும் வைக்கோல் போடவும் கட்டிய கல் கட்டடம். தடித்த சுவர், கருத்த மர உத்தரம், சிறிய ஜன்னல். அவற்றில் பலவற்றை இப்போது உணவகமாக்கி, உள்ளே விறகடுப்பு மூட்டி இறைச்சி சுடுகிறார்கள். வார இறுதியில் முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது கடினம்.

நேரம் தவறுவதும் அடிக்கடி நடக்கிறது. மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத் தொடங்கி மூன்று, மூன்றரைக்கு முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு முன் அடுப்பு எரியாது. மாலை ஐந்தரைக்குப் பசியோடு அலைந்தால் காபியும் ரொட்டியும்தான் கிடைக்கும். வேலை நாள்களின் மதியத்தில் 'மெனு தெல் தியா' என்று கேளுங்கள். முதல் உணவு, முக்கிய உணவு, இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஒவ்வொன்றாகத் தனித்தனியே சொல்வதைவிட நன்றாகவே குறையும்.

ட்ரின்சாட் என்ற பண்டத்தை விட்டுவிடாதீர்கள். முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்து, அடை மாதிரி தட்டி, இரண்டு பக்கமும் முறுகலாகச் சுட்டுத் தருவார்கள். உறைபனி பட்ட குளிர்கால முட்டைக்கோஸில் செய்தால்தான் இனிப்பு இறங்கும் என்பார்கள். எஸ்குடெல்யா என்பது எலும்பு, இறைச்சி, கொண்டைக்கடலை, காய்கறி எல்லாம் போட்டு மெதுவாகக் கொதிக்கவிடும் குழம்பு. ஜனவரி 17, புனித அந்தோணி நாளில் ஊர்ச் சதுக்கத்தில் பெரிய கொப்பரைகளில் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றுவார்கள். அந்த நாளில் அங்கே இருக்க வாய்ப்பு கிடைத்தால் கடைகளை மறந்துவிட்டுப் போய் வரிசையில் நில்லுங்கள்.

சைவர்கள் ட்ரின்சாட்டின் செய்முறையைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. வழக்கமாக அதன் மேல் பன்றி இறைச்சித் துண்டு வைப்பார்கள், சுடுவதும் அந்தக் கொழுப்பில்தான். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். 'சென்ஸ கார்ன், நி பெய்ஷ்', அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று ஆட்சி மொழியான கட்டலானிலேயே சொல்லுங்கள். ஸ்பானிய மொழியும் பிரெஞ்சும் பரவலாகப் புரியும், ஆனாலும் உள்ளே நுழையும்போது 'போன் தியா' என்று கட்டலானில் வணக்கம் சொன்னால் முகம் மலரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'வெதெல்யா' என்ற சொல்லையும், பன்றி வேண்டாம் என்பவர்கள் 'போர்க்' என்ற சொல்லையும் மெனுவில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். 'ஷாய்' என்றால் ஆட்டுக்குட்டி, விறகில் சுட்ட அதன் விலா எலும்பு அருமையாக இருக்கும். 'ட்ருய்தா' என்ற சொல்லில் ஒரு பொறி உண்டு. அது ஆம்லெட்டையும் குறிக்கும், ஆற்று மீனையும் குறிக்கும். 'ட்ருய்தா தெ பதாதெஸ்' என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட், 'ட்ருய்தா தெ ரியு' என்றால் மீன்.

முட்டையும் சாப்பிடாதவர்கள் தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய் சேர்ந்த எஸ்கலிவாடாவும் சொல்லலாம். எஸ்கலிவாடாவின் மேல் சில இடங்களில் நெத்திலி வைப்பார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இனிப்புக்கு 'மெல் இ மாத்தோ' கேளுங்கள். உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டியின் மேல் தேன் ஊற்றித் தருவார்கள்.