எழுதியவரே வாசிப்பது எப்படி? முதல் நூல் வாசிப்பு நிகழ்வுக்கான செய்முறை

புத்தகம் படிப்பவருக்கு ஒரு வரி புரியாவிட்டால் கண்ணை மேலே கொண்டுபோய் மறுபடி படித்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. காதால் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்ட முடியாது. நூல் வாசிப்புகள் சொதப்புவதில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்ததால்தான். கீழே உள்ள படிகளும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

படி 1: நேரத்தைப் பிரியுங்கள்

ஒரு மணி நேர நிகழ்வு என்றால் அறிமுகத்துக்கு 5 நிமிடம், வாசிப்புக்கு 15, உரையாடலுக்கு 20 முதல் 25, பார்வையாளர் கேள்விகளுக்கு 15 என்று வைத்துக்கொள்ளலாம். கையெழுத்திட்டுக் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது.

பதினைந்து நிமிட வாசிப்பு குறைவு என்றுதான் முதலில் தோன்றும். நாற்பது நிமிடம் விடாமல் வாசித்தால் கூட்டம் கைபேசிக்குள் போய்விடும். அந்தப் பதினைந்தையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட வேண்டாம். தொடக்கத்தில் 7 நிமிடம், உரையாடலுக்கு நடுவே 5, முடிவில் 3 என்று உடைத்தால் கேட்பவர் காது தளராது.

தமிழை நிதானமாக உரக்கப் படித்தால் நிமிடத்துக்குச் சுமார் 80 முதல் 100 சொற்கள் போகும். உங்கள் வேகம் எவ்வளவு என்று நீங்களே அளந்துபாருங்கள்: ஒரு பக்கத்தை எண்ணி வைத்துக்கொண்டு, ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு உரக்கப் படியுங்கள். மனதுக்குள் படித்து அளந்த கணக்கு உதவாது, அது பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 2: பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் அத்தியாயம்தான் பாதுகாப்பு என்று பலரும் அதையே எடுக்கிறார்கள். பல நாவல்களில் முதல் அத்தியாயத்தின் வேலை ஊரையும் குடும்பத்தையும் அறிமுகப்படுத்துவது. பத்துப் பெயர்கள் வரும், நிகழ்ச்சி ஒன்றும் நடக்காது. படிக்க நன்றாக இருக்கும், கேட்கத் தாங்காது.

ஒரே இடத்தில் நடப்பது, மூன்று பேருக்கு மேல் பேசாதது, யாரோ யாரிடமோ எதையோ கேட்டு அது கிடைக்காமல் போவது: இப்படி ஒரு காட்சியைத் தேடுங்கள். முன்கதையை மூன்று வாக்கியத்துக்குள் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பகுதி வேண்டாம். உச்சக்கட்டமும் வேண்டாம். அதற்கு முந்தைய காட்சியை எடுத்து, கேள்வி தொக்கி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அத்தியாயம் முடியும் இடத்தில்தான் வாசிப்பும் முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கட்டுரை நூலானால் முன்னுரையைத் தவிர்த்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட மனிதரோ சம்பவமோ வரும் பகுதியை எடுங்கள். எண்கள் நிறைந்த பத்தி காதில் தங்காது. அதில் மிக முக்கியமான ஒரே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கவிதை நூலுக்கு ஆறு முதல் எட்டுக் கவிதைகள் சரியாக இருக்கும். ஒன்று முடிந்ததும் மூன்று நான்கு விநாடி மௌனம் விடுங்கள். நாலு வரிக் கவிதையை இரண்டு முறை வாசிக்கலாம், முதல் முறை அது காதில் விழுவதற்குள் முடிந்திருக்கும்.

படி 3: வாசிப்புப் படி (மேடையில் வைத்துப் படிக்கும் பிரதி) தயாரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக உழைப்பு தேவை. அச்சான புத்தகத்தை அப்படியே திறந்து வைத்துப் படிப்பதைவிட, அந்தப் பகுதியைத் தனியே தட்டச்சு செய்து, காதுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வது நல்லது. சொந்த எழுத்தை வெட்டுவதா என்று தயங்க வேண்டாம். 1858 முதல் கட்டணம் வாங்கிக்கொண்டு தன் கதைகளை மேடையில் வாசித்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், அதற்கென்றே தனிப்படிகள் வைத்திருந்தார். அவற்றில் பத்தி பத்தியாக அடித்து நீக்கியிருப்பார், அழுத்த வேண்டிய சொல்லுக்குக் கோடு போட்டிருப்பார், ஓரத்தில் பாவனைக் குறிப்பும் எழுதியிருப்பார். 1870 மார்ச் 15 அன்று லண்டனில் நடந்த கடைசி வாசிப்பு வரை அவர் கையாண்ட முறை இது.

தமிழில் முதலில் கவனிக்க வேண்டியது ‘என்றான்’, ‘என்றாள்’. நாம் பேச்சை முதலில் எழுதி, பேசியவரைக் கடைசியில் சொல்கிறோம். “கதவைத் திறக்காதே. அவர்கள் போகும்வரை மூச்சுகூட விடாதே” என்றாள் பாட்டி. படிப்பவருக்கு மேற்கோள் குறியும் அடுத்த சொல்லும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கேட்பவர் இரண்டு வாக்கியமும் முடியும்வரை யார் பேசுகிறார் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பார். வாசிப்புப் படியில் “பாட்டி சொன்னாள்” என்று முன்னால் கொண்டுவாருங்கள். இருவர் மட்டும் மாறிமாறிப் பேசினால், முதல் இரண்டு இடங்களில் பெயரைச் சொல்லிவிட்டு, மற்ற ‘என்றான்’களை அடித்துவிடலாம், குரலில் ஒரு சிறு மாற்றம் போதும்.

அடுத்தது எச்சங்களால் கோத்த நீள வாக்கியம். ‘குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு, நனைந்த பையைத் தோளிலிருந்து இறக்காமலே, உள்ளே பேச்சுக்குரல் கேட்டதால் கதவருகே தயங்கி நின்ற முருகன் திரும்பிப் போய்விட்டான்.’ அச்சில் இது அழகுதான். காதில் விழும்போது, ஆள் யாரென்று தெரியாமலே நான்கு செயல்களைச் சுமக்க வேண்டியிருக்கிறது. ‘முருகன் குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்தான். பையை இறக்கவில்லை. உள்ளே பேச்சுக்குரல். கதவருகே தயங்கினான். திரும்பிப் போய்விட்டான்.’ இப்படி உடைக்கலாம். அதற்காக எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளினால் உங்கள் நடையே போய்விடும். ஓட்டத்துக்காகவே எழுதிய நீள வாக்கியம் என்றால், எழுவாயை மட்டும் முன்னால் நகர்த்திவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக, எழுத்தில் வேறுபட்டு ஒலியில் நெருங்கும் சொற்கள். அரை, அறை, பனி, பணி, வலி, வழி. சூழலிலிருந்து பொருள் உடனே விளங்காத இடத்தில் வேறு சொல் போடுங்கள். ‘பணியில் உறைந்து நின்றார்’ என்பதைக் கேட்பவர் பனியாகவே எடுத்துக்கொள்வார். இந்தப் பகுதியோடு தொடர்பில்லாத துணைப்பாத்திரம் ஒரு வரியில் எட்டிப் பார்த்தால், பெயரை எடுத்துவிட்டு ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று மாற்றுங்கள்.

பிறகு அச்செடுங்கள். எழுத்தளவு 16, வரி இடைவெளி ஒன்றரை, தாளின் ஒரு பக்கம் மட்டும். பக்கம் நடு வாக்கியத்தில் முடியக் கூடாது, பத்தி முடிவில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் தாளை மாற்றும் நொடியில் வாக்கியம் இரண்டாக ஒடியும். பக்க எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள்: தனித்தாளைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்தலாம், பின் அடித்த தாளைப் புரட்டும் சரசரப்பை மைக் பெரிதாக்கிக் காட்டும். கைபேசியில் படிப்பதைத் தவிருங்கள். திரை அணையும், அழைப்பு வரும், முகத்தில் நீல வெளிச்சம் விழும். புத்தகத்தின் ஒரு பிரதி மேசைமேல் இருக்கட்டும், அட்டை தெரியும்படி.

படி 4: ஒத்திகை

தாளில் பென்சிலால் குறி போடுங்கள். சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, மூச்செடுக்க இரண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்பதால் மூச்சு தீர்ந்து, முக்கியமான சொல்லே முணுமுணுப்பாகிவிடும். ‘போனான்’ என்பதற்கும் ‘போகவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கடைசி அசைகளில்தானே இருக்கிறது? எனவே மூச்சை எச்சத்துக்குப் பின்னால் எடுத்து, முற்றை முழுக்குரலில் முடியுங்கள்.

நின்றுகொண்டு குறைந்தது ஐந்து முறை உரக்க வாசியுங்கள். இரண்டாவது முறையைக் கைபேசியில் பதிவுசெய்து, மறுநாள் தாளைப் பார்க்காமல் கேளுங்கள். எங்கே உங்கள் கவனமே நழுவுகிறதோ அந்த வரியை வெட்டிவிடலாம். நாக்கு மூன்று முறை இடறிய சொல் மேடையிலும் இடறும், அதையும் மாற்றிவிடுங்கள்.

பாத்திரங்களுக்கு நடிப்புக் குரல் தேவையில்லை. வேகமும் உரப்பும் சற்று மாறினாலே ஆள் மாறியது தெரியும். வட்டாரப் பேச்சை எழுதியிருந்தால் மட்டும் அந்த ஒலியோடு வாசியுங்கள். அதை மேடைத்தமிழ் உச்சரிப்பில் வாசித்தால் செயற்கையாக ஒலிக்கும்.

படி 5: மைக்கும் மேடையும்

அரைமணி முன்னதாகப் போய் ஒலி சரிபாருங்கள். “ஹலோ, ஒன், டூ” என்று சொல்வதைவிட வாசிக்கப்போகும் முதல் பத்தியையே வாசிப்பது நல்லது.

கையில் தாள் இருப்பதால் ஸ்டாண்ட் மைக் கேளுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே மூடிய கையின் அகலம், அதாவது சுமார் 10 செ.மீ. இருக்கட்டும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தி, வாயை நோக்கித் திருப்புங்கள். ‘ப’கரச் சொற்களில் காற்று மோதி எழும் ‘பட்’ ஓசை குறையும். மிக நெருங்கினால் குரல் அடித்தொண்டையில் கனத்துக் குழம்பும். கைமைக் மட்டுமே இருந்தால் அதன் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். முன்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்குவதற்காக வைத்த பின்துளைகள் அடைபட்டு, மைக் கீச்சிடத் தொடங்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றாலும் அதே கதிதான்.

தாள் வைக்கும் ஸ்டாண்ட் மார்பு உயரத்தில், முகத்தை மறைக்காதபடி இருக்கட்டும். உங்கள் நிழல் தாள்மேல் விழுகிறதா என்றும் பாருங்கள். வாசிக்கும்போது இடது கட்டைவிரல் வரியைத் தொடர்ந்து இறங்கி வந்தால், வாக்கிய முடிவில் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இடம் தவறாது. தண்ணீர் புட்டியின் மூடியை முன்பே திறந்து வைத்துவிடுங்கள்.

பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும். முதல் தாளின் தலையில் ‘மெதுவாக’ என்று பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பு எழுந்தால் அது அடங்கத் தொடங்கும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் அடுத்த வரி அதில் மூழ்கிவிடும்.

படி 6: உரையாடல்

உங்களோடு உரையாடுபவருக்கு மூன்று வாரம் முன்பே புத்தகம் போய்ச் சேர வேண்டும். கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நாடகம்போல ஆகிவிடும். பேசத் தகுந்த நான்கைந்து பக்கங்களைக் குறித்துக் கொடுங்கள். தொடக்கூடாதவற்றையும் சொல்லிவிடுங்கள்: முடிவு, ஒரு திருப்பம், உயிரோடிருக்கும் உறவினரைப் பற்றிய ஊகம்.

சில கேள்விகள் எங்கே போனாலும் வரும். இது உங்கள் சொந்தக் கதையா, எழுத எத்தனை நாள் ஆயிற்று, தலைப்பு எப்படி வந்தது, அடுத்து என்ன? ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடப் பதில் தயாராக இருக்கட்டும். சொந்தக் கதையா என்பதற்கு ஆம், இல்லை என்று சொல்லித் தப்பிப்பதைவிட, எதை அனுபவத்திலிருந்து எடுத்து எப்படி மாற்றினீர்கள் என்று ஓர் உதாரணம் சொல்லலாம். எழுதி நீக்கிய அத்தியாயம், மாற்றிய பெயர், தவறாகப் போன முதல் வரைவு, இவற்றையெல்லாம் கூட்டம் ஆவலாகக் கேட்கும். “இந்தக் குறியீட்டுக்கு இதுதான் பொருள்” என்று சொல்வதை மட்டும் தவிருங்கள், அதோடு வாசகருக்கு அங்கே வேலை முடிந்துவிடும். விமர்சகர்கள்மேல் உள்ள கோபத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படி 7: பார்வையாளர் கேள்விகள்

“கேள்விகள் உண்டா?” என்றதும் பெரும்பாலும் மௌனம்தான் வரும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் யாரும் கை தூக்காவிட்டால், உரையாடுபவர் கையிருப்பில் வைத்திருக்கும் ஒரு கேள்வியைக் கேட்கட்டும். கூட்டத்தில் மைக் இல்லையென்றால் கேள்வியை நீங்கள் ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதில் தொடங்குங்கள். பின்வரிசைக்கும் பதிவுக்கும் அது தேவை, யோசிக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

ஒருவர் கேள்வி கேட்காமல் சொற்பொழிவு தொடங்கினால், இடைமறிக்க வேண்டியது உரையாடுபவர்தான். நீங்கள் செய்தால் கடுமையாகத் தெரியும், எனவே முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிவை வெளிப்படுத்தும் கேள்வி வந்தால், “இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள், முடிந்ததும் வாருங்கள், பேசுவோம்” என்றால் போதும்.

இணையவழி நிகழ்வென்றால் கேமரா கண் மட்டத்திலும், வாசிப்புப் படி அதற்கு நேர் கீழேயும் இருக்கட்டும். ஹெட்போன் போட்டுக்கொண்டால் எதிரொலி வராது. செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி உச்சத்தில் இருந்தால் நீங்கள் மெதுவாக வாசிக்கும் வரிகளையும் இரைச்சலென்று எண்ணி விழுங்கிவிடும், குறைத்து வையுங்கள்.

கடைசியாக, கையெழுத்து

வரிசையில் நிற்பவர்களிடம் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். காதால் கேட்டு எழுதினால் கணேசனா கணேஷா என்று குழம்புவீர்கள், எழுதிவிட்டால் அழிக்கவும் முடியாது. ஜெல் பேனா வழவழப்பான தாளில் உடனே உலராது, மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். தலைப்புப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். கையில் இரண்டு பேனா இருக்கட்டும்.