டோட்டாவில் ஐந்தாம் இடத்து ஆட்டம்

மன்னார்குடி வீட்டில் தம்பியும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து டோட்டா 2 ஆடுகிறோம்; அணிக்கு ஐந்து பேராக மோதும் கணினி விளையாட்டு. அவன் கேரி, காசு சேர்த்து வலுவாகிப் பின்னால் அணியைத் தூக்கி நிறுத்துகிறவன். நான் ஐந்தாம் இடத்து சப்போர்ட், காசில் கடைசிப் பங்கோடு அவனுக்குத் துணை நிற்கிறவன். விரும்பித்தான் எடுத்தேன்.

முதலில் வார்டு, நட்டு வைத்தால் சுற்றிலும் நடப்பதை நம் அணிக்குக் காட்டும் கண். அப்சர்வர் வார்டுக்குக் காசு கிடையாது. வைத்தால் 6 நிமிஷம் நிற்கும். எல்லோரும் வைக்கிற மேட்டில் வைக்காதீர்கள், எதிரி சப்போர்ட் முதலில் துழாவுவது அங்கேதான். கேரி அடுத்து எந்தப் பக்கம் போகிறான் என்று கேளுங்கள். அந்த வழி தெரிகிற மாதிரி, மர ஓரமாக வையுங்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அப்பா ராத்திரியில் டார்ச்சோடு வரப்பில் நடப்பார். எந்த மடை உடையும் என்று அவருக்குத் தெரியும்; உடையுமுன் அங்கே நிற்பார். வார்டையும் சண்டைக்கு முன்னாலேயே வைத்தாக வேண்டும்.

அப்புறம் ஸ்டாக், ஒரே முகாமில் கூட்டத்தின் மேல் கூட்டம் சேர்ப்பது. காட்டில் மிருகக் கூட்டம் நிற்கும் முகாம் காலியாக இருந்தால் நிமிஷம் பிறக்கும்போது புதுக் கூட்டம் வரும். அதனால் கடிகாரம் 53, 54 நொடி காட்டும்போது ஓர் அடி அடித்துவிட்டு வெளியே ஓடுங்கள். பழைய கூட்டம் உங்களைத் துரத்தி வரும், உள்ளே புதியது வந்துவிடும். கேரிக்கு இரட்டை வரும்படி. சில முகாமுக்கு ஒரு நொடி முன்பின் ஆகும், பழகினால் கை சொல்லும்.

லேனில், அதாவது இரு பக்கப் படைகளும் மோதும் பாதையில், எதிரிப் படையாளைச் சாய்த்துக் காசு தரும் கடைசி அடி கேரியுடையது, தொடாதீர்கள்.

டாசில் என்ற வீரனை எடுத்தால், கொஞ்ச நேரம் சாகவிடாமல் காக்கும் ஷாலோ கிரேவ் மந்திரத்தைப் பாதி உயிரில் போட்டு வீணாக்க வேண்டாம். உயிர் நூலிழையில் நிற்கும்வரை பொறுங்கள். நேற்று அப்படிப் பொறுத்துப் போட்டேன், தம்பி திரும்பி நின்று இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு, "அண்ணே!" என்று கத்தினான்.