விறைப்புக் குறைபாட்டுக்கு ஆபரேஷன்: முடிவெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

யூராலஜி முடித்துவிட்டு ஆண்மைக் குறைபாட்டுச் சிகிச்சைக்குள் வரும் இளம் டாக்டர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்த வயதில் நாங்கள் சறுக்கிய இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். சுகரைக் கட்டுக்குள் கொண்டுவராமல் கத்தியை எடுக்கக் கூடாது, லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவரிடம் போகக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"மாத்திரைக்குக் கேட்கவில்லை" என்பதை அப்படியே எழுதிக்கொள்வது

இன்றுவரை எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். ஃபைலில் ஒரே வரி இருக்கும்: சில்டெனாஃபில் (வயாக்ரா மாத்திரையின் மருந்துப் பெயர்), பலனில்லை. அதை வைத்து இம்ப்ளான்ட் (விறைப்புக்காக உறுப்புக்குள் பொருத்தும் செயற்கைக் கருவி) ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிடுவார்கள். எத்தனை மி.கி., எத்தனை தடவை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர், பல வருடச் சுகர், வேறு ஓர் இடத்தில் தேதி கொடுத்த பிறகு எதற்கும் இன்னொருவரைக் கேட்டுவிடலாம் என்று வந்தார். விசாரித்தால், 25 மி.கி. மாத்திரையை ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போட்டுக்கொண்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். இப்படி இரண்டு தடவை, அவ்வளவுதான். சில்டெனாஃபில் தானாக விறைப்பைக் கொண்டுவராது. ஆசையும் தொடுதலும் இருந்தால்தான் நரம்பிலிருந்து, ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடு வெளிப்படும். அது தொடங்கிவைக்கும் வேலை சீக்கிரம் அடங்காமல் மாத்திரை பார்த்துக்கொள்ளும். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் ரத்தத்தில் சேர்வதே தள்ளிப்போகும். வயிறு லேசாக இருக்கும்போது, ஒரு மணி நேரம் முன்னால், 50 மி.கி., போதாவிட்டால் டாக்டர் மேற்பார்வையில் 100 வரை ஏற்றி, ஆறேழு தடவையாவது முயன்று பார்த்த பிறகுதான் 'பலனில்லை' என்று எழுதலாம். (நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.)

அவருக்குக் காலையில் ரத்தம் எடுத்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்த்தோம், குறைவாக இருந்தது, அதையும் சரிசெய்தோம். மாத்திரையை முறைப்படி எடுத்ததும் பலன் தெரிந்தது. ஆபரேஷன் தேவைப்படவே இல்லை.

இதற்கு ஏன் இவ்வளவு ஆதங்கப்படுகிறேன் என்றால், இம்ப்ளான்ட்டை உள்ளே வைக்கும்போது ரத்தம் நிரம்ப வேண்டிய பஞ்சுத் திசு சிதைந்துபோகும். பிறகு கழற்றினாலும் பழைய விறைப்பு திரும்பாது, மாத்திரையும் ஊசியும் அநேகமாகப் பிடிக்காது. மாத்திரைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் வாக்யூம் பம்ப் இருக்கிறது, உறுப்பிலேயே போடும் ஊசி இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாக முயன்றே ஆக வேண்டும் என்று சட்டமில்லை, விவரம் தெரிந்து ஒருவர் "எனக்கு ஊசி வேண்டாம்" என்று சொன்னால் அது அவர் உரிமை. ஊசி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போடவைப்பதுதான் அநியாயம்.

சரி, இம்ப்ளான்ட் யாருக்கு? மாத்திரைக்கும் ஊசிக்கும் அசையாத நீண்டகாலச் சுகர்காரர், உறுப்பில் தழும்பு விழுந்து வளைந்து விறைப்பும் போனவர், புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனில் நரம்பு போனவர். இவர்களுக்கு அது மிக நல்ல சிகிச்சை, செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாக இருக்கிறார்கள். புராஸ்டேட் ஆபரேஷனில் நரம்பைக் காப்பாற்றியிருந்தால் மட்டும் பொறுங்கள், அது தேற இரண்டு வருடம்கூட ஆகலாம்.

'லீக்' என்று சொல்லி சிரையைக் கட்டுவது

லீக் என்றால் உறுப்புக்குள் வந்த ரத்தம் தங்காமல் சிரை (ரத்தம் திரும்பிப் போகும் குழாய்) வழியாக வடிந்துவிடுவது. பயந்துபோன 25 வயதுப் பையனுக்கு டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தால் லீக் போலத்தான் காட்டும், பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் தசையைத் தளரவிடாது. காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சிரையைக் கட்டும் ஆபரேஷனின் பலன் நிலைப்பதில்லை, அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கவில்லை.

எல்லோருக்கும் ரத்தக்குழாய் பைபாஸ்

விபத்தில் இடுப்பெலும்பு அடிபட்டு ஒரு தமனி மட்டும் அடைபட்ட இளைஞருக்கு மட்டும்தான். சிகரெட், சுகர், கொலஸ்ட்ரால் உள்ளவருக்கு வேண்டாம்.

இதயத்தை மறப்பது

ஆணுறுப்புத் தமனி 1 முதல் 2 மி.மீ., இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியவரும். நாற்பது வயதில் விறைப்பு குறைகிறது என்று வருபவருக்கு ஆபரேஷன் பேச்சுக்கு முன்னால் இதயப் பரிசோதனை.

மனைவியை வெளியே உட்காரவைப்பது

உள்ளே கூப்பிடுங்கள்.

நீளம் கூடும் என்று நம்பவிடுவது

நீளம் கூடாது. இம்ப்ளான்ட் விறைப்பை மட்டும் தரும். பலர் முன்பைவிடச் சின்னதாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள், அதனால் ஆபரேஷனுக்கு முன்பே அளந்து காட்டிவிடுங்கள். ஆசை, உச்சம், விந்து எதையும் அது கூட்டாது. பம்ப் வைத்த இம்ப்ளான்ட் வகைக்கு லட்சக்கணக்கில் ஆகும், வளைத்து வைத்துக்கொள்ளும் கம்பி வகை அதைவிட மலிவு. இரண்டையும் கையில் கொடுத்துக் காட்டி, அப்புறம் முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

தேவைப்படும்போது தள்ளிப்போடுவது

ஊசி போட்ட பிறகோ வேறு காரணத்தாலோ விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒன்றரை நாள் கடந்துவிட்டால் உள்திசு பெரும்பாலும் செத்திருக்கும். அந்த நோயாளியிடம் மாத்திரை, ஆறு மாதம், பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். இம்ப்ளான்ட் பேச்சைச் சில வாரங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். தழும்பு இறுகிய பிறகு இம்ப்ளான்ட் நுழைய வழி உண்டாக்குவதே பெரும்பாடு, நீளமும் நிறையக் குறைந்துபோயிருக்கும்.